சேர்ந்து பாட்டுக் கற்பது: பாட்டு டீச்சரிடம் நான்கு கேள்விகள்

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. வெளியாள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். தனி வகுப்பா, குழுவா டீச்சர்?

பதில்: குழுதான். தனி வகுப்பில் ஒரு ஸ்வரம் பாடியதும் டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். எட்டுப் பேர் சேர்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தைப் பாடும்போது அவள் குரல் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டு மாதம் தாளம் மட்டும் போட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாகப் பாடும்போது, எல்லோரும் தடுமாறி நிறுத்திவிட, அவள் ஒருத்தி குரல் மட்டும் கேட்டது! இப்போது தாளம் தப்பினால் மற்ற பிள்ளைகள் அவள் கையைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: ரிட்டயர் ஆகிவிட்டேன், 61 வயது. சின்னவர்களோடு உட்கார்ந்தால் சிரிக்க மாட்டார்களா?

பதில்: சிரிப்பார்கள், ஒரு வாரம். அப்புறம் நீங்கள் வராத நாளில் "மாமா எங்கே?" என்பார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது சுருதியைப் பற்றி, அதாவது குரலுக்கு ஆதாரமாக வைக்கும் ஸ்வரத்தின் உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்களுக்குப் பொதுவாக 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டையை ஒட்டி. கலந்த வகுப்பில் ஒரு தரப்பு திணறும். எந்தச் சுருதி என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: ஆன்லைன் குழு வகுப்பு பரவாயில்லையா?

பதில்: பாடம் வரும், கூட்டு வராது. ஒலி தாமதமாகப் போவதால் சேர்ந்து பாட முடியாது, எல்லோரையும் மியூட்டில் போட வேண்டியதுதான்.

கேள்வி: பாட்டு வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே வட்டத்து ஆட்கள். இதில் என்ன சமூகப் பயன்?

பதில்: நியாயமான குத்தல். சேர்ந்து பாடினால் எல்லாம் சமம் ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். திருவையாற்றில் தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் இப்போது ஆணும் பெண்ணும் சேர்ந்து அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஆராதனையில் பெண்களைப் பாட விடவில்லை. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளே போராட வேண்டியிருந்தது. யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஞாயிறு காலை பறை வகுப்பு நடக்கிறது. சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் கட்டிவைத்திருந்த கருவியைக் கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுபவர், வங்கியில் வேலை பார்க்கும் பெண் எல்லாம் ஒரே வரிசையில் நின்று அடிக்கிறார்கள். அடவு போட்டு நகரும்போது ஒருவர் கால் பிந்தினால் வரிசையே குலையும், அதனால் பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான். தோல் விறைக்கத் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவார்கள். வேறெங்கும் பேசிக்கொள்ள வாய்ப்பில்லாதவர்கள் அந்தத் தீயைச் சுற்றி நின்று வீட்டுக்கதை பேசுவார்கள். எங்கள் பாட்டு வகுப்பில் அப்படி ஒரு தீ இல்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு டீயாவது போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.