தேவாலாப் பொன்னும் தாது நிலவியலாளரின் வேலையும்

அன்புள்ள ஐயா,

பந்தலூரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள் நான். முதுகலை நிலவியல் படிக்கிறேன். தாதுப் படிவுகளைப் பற்றிய ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். “பொன்னுக்காக இந்த மலையைக் குடைந்த வெள்ளைக்காரனே கையைச் சுட்டுக்கொண்டு போனான், பெண்பிள்ளையைச் சுரங்கத்துக்குள் விடவும் மாட்டார்கள்” என்கிறார்கள் வீட்டில். உங்கள் அனுபவத்தில் இந்த வேலை எப்படிப்பட்டது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் வீட்டார் சொல்லும் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தேவாலாவும் பந்தலூரும் 1877இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே அங்கே ஓடை மணலை அலசிப் பொன் எடுத்தவர்கள் இருந்தார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1875இல் அப்பகுதியைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த ப்ரஃப் ஸ்மித் 1880இல் அறிக்கை அளித்தார். அதையொட்டி இங்கிலாந்தில் ஏறத்தாழ நாற்பது கம்பெனிகள் முளைத்து, சில ஆண்டுகளிலேயே அநேகமாக எல்லாம் அழிந்தன.

பொன் இல்லாததால் அவை அழியவில்லை. எடுக்கும் செலவுக்கு ஈடாகப் பொன் கிடைக்காததால் அழிந்தன. கூடலூர்ப் பக்கத்து மழையில் குவார்ட்ஸ் நாளத்தின், அதாவது பாறைப் பிளவை நிரப்பிய வெண்கல் பட்டையின், மேற்பகுதி சிதையும்போது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் தாது கரைந்துபோக, அதற்குள் அடைபட்டிருந்த பொன் விடுபட்டு அங்கேயே தங்கிவிடும். மேலே தட்டிப் பார்ப்பவருக்குக் கை நிறைய நம்பிக்கை கிடைக்கும். ஆழத்தில் அதே நாளம் ஏழையாகிவிடும்.

சாம்பிள் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டன்னுக்கு 5 கிராம் பொன் என்றால் ஒரு கிலோ கல்லில் 5 மில்லிகிராம். அது கடுகைவிடச் சிறிய ஒரே துகளாகவும் இருக்கலாம். அந்தத் துகள் உங்கள் கல்லில் அகப்பட்டால் மலையே பொன்னாகத் தெரியும், தப்பினால் வெறுங்கல்லாகத் தெரியும். ஆகவே இடைவெளி மாறாமல், மனத்துக்குப் பிடித்த கல்லைப் பொறுக்காமல், நாளத்தின் முழு அகலத்துக்கும் சாம்பிள் எடுப்பதிலும், துளையிட்டு எடுத்த ‘கோர்’ என்னும் கல் உருளையை அடி அடியாகப் படித்துப் பெட்டியில் குறித்துவைப்பதிலுமே எங்கள் நாட்கள் கழிகின்றன. பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில், மதிப்புக் குறைந்த சாம்பிள்களை நீக்கிவிட்டுச் சராசரி கணக்கிடச் சொன்னார்கள். நான் மறுத்தேன், என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அன்று ஊருக்குத் திரும்பிய பேருந்துப் பயணத்தில் அழுதேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சோதனை உங்களுக்கும் வரும்.

ஆனால் ‘இல்லை’ என்று சொல்வது மட்டுமே நேர்மையாகிவிடாது. கர்நாடகத்துக் கோலார் பொன் வயலில் தொடக்கத்தில் பணம் போட்டவர்களும் சோர்ந்துபோயிருந்தார்கள். 1880களின் நடுவில் ‘சாம்பியன்’ என்னும் பொன் செறிந்த நாளம் அகப்பட்ட பிறகு அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கி, 2001 வரை இயங்கியது. ‘இங்கே இல்லை’ என்பதற்கும் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பாற்றுவதுதான் என் பார்வையில் இத்தொழிலில் மிகக் கடினமானது.

பெண் என்பது பற்றி: சுரங்கச் சட்டம் 1952 பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியிருந்தது உண்மை. 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை, நிபந்தனைகளோடு அந்தத் தடை தளர்த்தப்பட்டது. வீட்டாரிடம் இதைக் காட்டுங்கள். நிலவியல் ஆய்வுத் துறையில் சேர மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். இப்போதே படிக்கத் தொடங்கிவிடுங்கள்.

தேவாலாவின் பழைய சுரங்கக் குகைகளுக்குள் மட்டும் போகாதீர்கள். கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. உள்ளே காற்றும் கெட்டிருக்கும். மழை ஓய்ந்ததும் நான் கோத்தகிரியிலிருந்து வருகிறேன். ஓடைக்கரையில் வெளிப்பட்டிருக்கும் குவார்ட்ஸை வெளியிலிருந்தே பார்ப்போம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் கோடு போடாத நோட்டு ஒன்றும் கொண்டுவாருங்கள். சுத்தியல் என்னிடம் இரண்டு இருக்கின்றன.