சிவப்புக் கவுன்கள் எதற்கு?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மதினி போன மே மாதம் ஒரு படம் அனுப்பினா. மரக்கிளைகளில் வெறும் சிவப்புக் கவுன்கள் தொங்குகின்றன. காணாமல் போன பெண்களுக்காகவாம். யார் அந்தப் பெண்கள்? அவ்வளவு வசதியான நாட்டிலுமா இப்படி?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: அங்கேயும்தான், தங்கச்சி. அவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்கள். 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்டவர்களும், காணாமல் போய் இன்னும் கிடைக்காதவர்களுமாக 1,181 பேர் என்று கனடாப் பொலிஸே 2014இல் கணக்குச் சொன்னது. ஜெய்மி பிளாக் என்ற கலைஞர் 2010இல் அவர்களுக்காகச் சிவப்புக் கவுன்களைத் தொங்கவிடத் தொடங்கினார். மே 5 அவர்களை நினைக்கும் நாள்.

எனக்கு அதிகம் வலிப்பது வீட்டில் மிஞ்சியவர்களை நினைத்துத்தான். வின்னிபெக் நகருக்கு வெளியே ஒரு குப்பைமேட்டில், கொல்லப்பட்ட இரண்டு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் கிடக்கலாம் என்று பொலிஸே நம்பியது. ஆனாலும், தேடுவது சாத்தியமில்லை என்று 2022இல் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் உறவினரும் விடவில்லை. தெருவில் நின்றார்கள், கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2025இல்தான் உடல்கள் கிடைத்தன. அம்மா குப்பைக்குள் கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டே அத்தனை நாளும் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு எப்படி இறங்கியிருக்கும்?

இந்தப் பெண்களைப் பற்றி 2019இல் அறிக்கை வெளியிட்ட கனடாவின் தேசிய விசாரணையில், குடும்பத்தினரும் உயிர் தப்பியவர்களுமாக 1,484 பேர் பேசினார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனால், "எங்கேயாவது சுற்றப் போயிருப்பாள், வந்துவிடுவாள்" என்ற மாதிரிப் பதில்தான் கிடைத்தது என்று பல குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன.

இந்தப் பதில் நமக்கும் புதிதில்லை. தலவாக்கலைப் பக்கம் நான் வளர்ந்த தேயிலைத் தோட்ட லயத்தில், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு அக்காவிடமிருந்து திடீரென்று எந்தத் தகவலும் இல்லை. "யாருடனாவது போயிருப்பாள்" என்று அவளுடைய அம்மாவைப் பொலிஸில் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா மகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. மகளைத் தேடுவதற்கும் அவர் தன் கூலியையே கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லயத்தில் யாரையாவது காணவில்லை என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். தமிழிலேயே முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பொலிஸில் அதைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.