கல்லூரி விடுதியில் இருக்கும் மகன் குடிக்கிறான் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பது இதுதான். கணவர் குவைத்தில் இருக்கிறார். மகன் கும்பகோணத்தில் விடுதியில் தங்கி இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொங்கலுக்கு வந்தவனுடைய பையில் காலி குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. கணவருக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி, பெரியப்பாவின் உரக்கடையில் உட்கார வைத்துவிடுவார். சொல்வதா, மறைப்பதா?

படிப்பை நிறுத்த வேண்டாம். மறைக்கவும் வேண்டாம்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். குடிக்காகப் படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துப்போன பையன்களில் குடியை விட்டவன் என்று ஒருவனும் என் நினைவில் இல்லை. விடுதியில் காலையில் வகுப்பு இருக்கும், வருகைப் பதிவு இருக்கும், அறையில் குடிக்காதவன் ஒருவனாவது இருப்பான். ஊரில் சும்மா இருப்பவனுக்கு மதியம் 12 மணிக்கு மதுக்கடை திறப்பதுதான் அன்றைய முதல் நிகழ்ச்சி.

ஒரு காலி பாட்டிலை வைத்து எதையும் தீர்மானித்துவிடாதீர்கள். அதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி; நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். நான்கு பேர் பகிர்ந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக் கதை. ஒருவனே முடித்திருந்தால் எட்டு மணி நேரம். இரவு 11 மணிக்குக் குடித்தவன் காலை 6 மணிக்கு பைக் எடுத்தால் உடம்பில் இன்னும் ஆல்கஹாலோடுதான் ஓட்டுகிறான். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் ஈரலை விரட்டி வேலை வாங்காது. ‘பீர்தானே’ என்பவர்களுக்கும் ஒரு சொல்: 8 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. அதாவது இளங்கலை படிக்கும் பையன் எவனுக்கும் அநேகமாகச் சட்டப்படி விற்க முடியாது. ஆனால் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நண்டலாற்றையோ வாஞ்சூரையோ தாண்டினால் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அங்கே வயது வரம்பு 18, விலையும் குறைவு. திருநள்ளாறு போகிறேன் என்று வாரக்கடைசியில் கிளம்பும் பையன்கள் எல்லோரும் சனீஸ்வரனைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திரும்பும்போது சோதனைச் சாவடியில் பாட்டிலோடு சிக்கினால் மதுவிலக்கு வழக்கு. டெல்டாப் பையன்களில் பாதிப் பேருக்குக் காவல்துறை வேலைதான் கனவு. அங்கே தேர்வானவர்கள் மீது பழைய வழக்கு உண்டா என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஈரல் கெடும் என்பதைவிட இது அவனுக்குச் சீக்கிரம் புரியும்.

இனி பணம். இதைத்தான் பெற்றோர்கள் தவறாகக் கணிக்கிறார்கள். வீட்டிலிருந்து போகும் பணத்தில் குடிக்கிறான் என்று எண்ணி அதைக் குறைப்பார்கள். மெஸ் பாக்கி ஏறும், தேர்வுக் கட்டணம் நிற்கும், குடி மட்டும் நிற்காது. ஏனென்றால் நம் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வரும்படி இருக்கிறது. முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். தவறான வேலை இல்லை. பந்தி பரிமாறித்தான் பலர் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள், தங்கைக்குத் தீபாவளித் துணி எடுக்கிறார்கள். சிக்கல் அந்த வேலையின் நேரத்தில் இருக்கிறது. முதல் நாள் மாலை வரவேற்புப் பந்தி முடிய இரவு 11 ஆகும். மறுநாள் விடியுமுன் காலை டிபனுக்கு எழ வேண்டும். விடுதிக்குத் திரும்ப முடியாது, மண்டபத்தின் பின்கட்டிலேயே படுக்கை. கையில் அன்றைய கூலி ரொக்கமாக இருக்கும். பக்கத்தில் முப்பது வயது, நாற்பது வயது வேலையாட்கள் இருப்பார்கள். கடை 10 மணிக்கு மூடுமுன்பே அவர்களில் ஒருவர் வாங்கி வைத்திருப்பார். கால் கடுக்க நின்ற பையனுக்கு ‘உடம்பு வலி போகும், ஒரு கட்டிங் போடு தம்பி’ என்று நீட்டுவதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம்கூட இருக்காது. நான் விசாரித்த பையன்களில் பலருக்கு முதல் குடி இப்படித்தான் தொடங்கியது. ஆடியிலும் மார்கழியிலும் விடுதியில் குடி குறையும். பக்தி ஒரு காரணம். முகூர்த்தம் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

அதனால் முதலில் அவன் வேலைக்குப் போகிறானா, யாரிடம் போகிறான் என்று கேளுங்கள். போகிறான் என்றால் தடுக்க வேண்டாம். கூலியை மறுநாள் வங்கிக் கணக்கில் போடும்படி ஒப்பந்தக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் விடுதிப் பையன்களுக்காக நானே சிலரிடம் கேட்டிருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். இரவு 11 மணிக்குக் கையில் ரொக்கம் இல்லாதது பாதி வேலையைச் செய்துவிடும்.

‘எல்லாரும்தான் குடிக்கிறார்கள்’ என்று அவன் சொல்வான். 2019இல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரையிலான இந்திய ஆண்களில் மது அருந்துவோர் 27.3 சதவீதம். நான்கில் மூன்று பேர் தொடுவதில்லை. விடுதியில் குடிக்காத நாற்பது பேர் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். குடித்த ஐந்து பேரின் பாட்டுதான் தெருமுனை வரை கேட்கிறது.

கஞ்சா பற்றியும் மாத்திரை பற்றியும் நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கிலோ கணக்கில் பிடிபடுவதாக வரும் செய்திகள் பெரும்பாலும் இலங்கைக்குக் கடத்த இருந்த கஞ்சா பற்றியவை. விடுதிக்கு வருவது சின்னப் பொட்டலம். சின்னது என்பதால் குற்றமில்லை என்று பையன்கள் நம்புகிறார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’ என்று இருப்பது உண்மைதான், அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கிறது. இதை விடுதிகளில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு உண்மையான பயம் மாத்திரையில்தான். அறுவை சிகிச்சைக்குப் பின் கடும் வலிக்குக் கொடுக்கும் டேபென்டடால் போன்றவற்றைப் போதைக்காக விழுங்குகிறார்கள். வாடை வராது, தள்ளாட்டம் தெரியாது, வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். அவன் பையில் மருத்துவர் சீட்டு இல்லாத மாத்திரை அட்டை இருந்தால், மேலே நான் சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

நண்பன் ஒருவன் எழுப்பியும் எழாமல் கிடந்தால் ‘தூங்கட்டும்’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருந்து, 108ஐ அழைக்க வேண்டும். காப்பாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பையன்கள் அழைப்பதில்லை. ‘நீ அழைத்தால் நான் கேள்வி கேட்க மாட்டேன்’ என்று தாய் வாயால் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

ஊரில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் யோசனை, கோயிலில் கயிறு கட்டு, அல்லது மாலை போடச் சொல் என்பதாக இருக்கும். நான் எதிர்க்கவில்லை. ஒரு மண்டலம், 48 நாள், நண்பர்கள் யாரும் வற்புறுத்த முடியாத காவல் அது. சிரமமின்றிக் கடந்தான் என்றால் அவனுடைய குடி இன்னும் பழக்கம்தான், உடம்பு அதைக் கேட்கத் தொடங்கவில்லை. ஆனால் குடிக்காத முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கினால், வியர்த்தால், தூக்கம் போனால், அது பக்திக் குறைவு இல்லை. நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உளறல் வரலாம், உயிரும் போகலாம். அந்த நிலையில் விரதம் வேண்டாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்துத்தான் குடியை நிறுத்த வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலை புறநோயாளி நேரத்தில் நேராகப் போகலாம். போகுமுன் பேசிப் பார்க்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416.

கணவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ‘குடிகாரன் ஆகிவிட்டான்’ என்று தொடங்காமல், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ஒரு பாட்டில், இன்ன நாள், இன்னும் கேட்கவில்லை. அங்கிருந்து அவர் மகனுக்குத் தனியாகப் பணம் அனுப்புகிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அப்பாக்கள் பிள்ளையைப் பார்க்க முடியாத குறைக்கு ரகசியமாகப் பணம் அனுப்புவது எங்கள் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பிறகு மகனிடம் போனில் பேசாமல் கும்பகோணத்துக்கே போய், ஒரு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். பெரியப்பாவின் கடையில் கோடை விடுமுறையில் உட்காரட்டும், நல்லதுதான். கூலி கொடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு ரொக்கமாக மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.