திண்ணைக்காரர் பதில்கள்: ஒரு ஜோடி செருப்பும் ஐம்பது சதவீதமும்

(தோல் ஏற்றுமதி கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்று, இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் திண்ணையும் செய்தித்தாளுமாக இருப்பவர், இந்த வாரக் கடிதங்களுக்குச் சொல்லும் பதில்கள். செப்டம்பர் 2025, கடைசி வாரம்.)

ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஓவர்டைம் நின்றுவிட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதை விட்டுத் தொலைத்திருக்கலாமே, ஐயா?
(ஒரு வாசகி, ஆம்பூர்)

ஓவர்டைம் போனால் சீட்டுப் பணம் போச்சு, ஸ்கூல் ஃபீஸ் போச்சு. தெரியும்மா. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், 27-ல் எண்ணெயைச் சாக்கிட்டு இன்னொரு 25. அதே எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்குகிற சீனாவுக்கு இந்த அபராதம் இல்லை. வியட்நாமுக்கு 20, பாகிஸ்தானுக்கு 19. ஆக, எண்ணெய் ஒரு சாக்கு. பால், பயிர்ச் சந்தையை அவர்களுக்குத் திறந்துவிட டெல்லி மறுத்ததுதான் உறுத்தல் என்பது என் எண்ணம். அந்த மறுப்பு சரி. ரெண்டு மாடு வைத்துப் பிழைக்கிற பேரணாம்பட்டுக்காரனை விற்று ஆம்பூரைக் காப்பாற்றச் சொன்னால் நீங்களே ஒப்பமாட்டீர்கள்.

இதில் நம் ஆட்கள் தலையிலும் குட்டு வைக்கவேண்டும். நான் கணக்கெழுதிய இடத்தில் பத்துப் பெட்டி கிளம்பினால் ஒன்பது ஒரே பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிற ஒரே ஆளுக்கு, போகும். ஒரு வருஷம் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது அவன் டெலக்ஸில் 'ஹோல்ட்' என்று ஒரே வார்த்தை அடித்தான். தைத்து முடித்த அப்பர் (ஷூவின் மேல்பாகம்) எல்லாம் குடோனில் பூசணம் பிடித்தது. போனஸ் கவரில் பாதிப் பணம்தான் போட்டேன். வாங்கிய பெண்கள் கவரைப் பிரிக்கவே இல்லை, கையில் எடை பார்த்தே தெரிந்துகொண்டார்கள். முதலாளி அப்போதும் இரண்டாவது பையரைத் தேடவில்லை.

1970-களில் அரசாங்கம், பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றாதே, பொருளாக்கி அனுப்பு என்று கெடுபிடி செய்தது. கோட்டா, பர்மிட் என்றாலே எனக்கு எரியும். ஆனாலும் அந்தக் கெடுபிடி இல்லாவிட்டால் ஆம்பூரில் இத்தனை தையல் மெஷின் ஓடியிருக்காது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை செருப்பு, ஷூவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். முன்பு ஆயிரம் ரூபாய் வரைக்கும் 12, அதற்கு மேலே 18. உள்ளூர்க் காலுக்குத் தைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

துணைக் குடியரசுத் தலைவராக ஒரு தமிழர். மகிழ்ச்சியா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை)

மகிழ்ச்சி. சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு 452 ஓட்டு, எதிரே நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமனுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து மூன்றாமவர். முதலாமவர் நம் ஊர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் சார்.

நேபாளத்தில் இளைஞர்கள் இரண்டே நாளில் ஆட்சியை மாற்றிவிட்டார்கள். இங்கே நாம் வேடிக்கை பார்க்கிறோமே?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

தம்பி, அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. 26 சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள், 8-ம் தேதி சுட்டதில் 19 பேர் செத்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி ராஜினாமா. சரி. நாடாளுமன்றத்தோடு உச்ச நீதிமன்றத்தையும் ஏன் கொளுத்தினார்கள்? மந்திரி பிள்ளையின் சொத்துக்கு நகல் நாலு இடத்தில் இருக்கும். பங்காளிச் சண்டையில் கால் காணி நிலத்துக்கு வழக்குப் போட்டவனுக்கு அந்த ஒரே கட்டுதான். கடைசியில் இடைக்காலப் பிரதமராக யாரைத் தேடிப் போனார்கள்? அதே நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கியை!

மாதம் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டே இலவசத்தைத் திட்டுகிறார்கள் உங்கள் ஆட்கள்.
(ஒரு வாசகி, குடியாத்தம்)

என் தம்பி மனைவியும் வாங்குகிறாள். வாங்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் 2026 மார்ச்சில் மாநிலக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி என்று பட்ஜெட்டே சொல்கிறது. அதையும் அவள் பிள்ளைதான் கட்டவேண்டும். மகாராஷ்டிரத்தில் பாஜக கூட்டணி 1,500 கொடுத்தபோது இங்கே கைதட்டிய நண்பர்களுக்கும் இதே பதில். நம்ம ஆள் கொடுத்தால் பிரசாதமா?

ஓட்டுக்குப் பணம் என்ற புகாரில் 2019-ல் மக்களவைத் தேர்தலே ரத்தான தொகுதி நம் வேலூர். ஆகஸ்டில் திரும்ப நடந்தபோது வித்தியாசம் 8,141 ஓட்டு. அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களைப் பழமைவாதி என்கிறார்களே, கோபம் வராதா?
(ஒரு வாசகர், ஆற்காடு)

வராது. மக்கான் சந்திப்பில் வேலூர் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் இருக்கிறதே, அதைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1806-ல் வெள்ளைக்காரத் தளபதி சிப்பாயிடம் நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தாடியை வெட்டு என்றான். தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கொடுத்தான். அவனுக்கு அது சீர்திருத்தம். ஜூலை 10 விடியுமுன் இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கிவிட்டது, உண்மைதான். ஆனால் உத்தரவு வாபஸ் ஆனது. சென்னை கவர்னர் பெண்டிங்கையும் மறு வருஷம் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஒருவன் நெற்றியில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பது பழமைவாதம் என்றால், என்னைத் தாராளமாக அப்படிக் கூப்பிடுங்கள்.

அமெரிக்க வேலைக்கான எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர். பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!
(ஒரு தகப்பனார், காந்தி நகர்)

அவர்கள் நாடு, அவர்கள் வாசற்படி. பையனை ஓசூரில் வேலை தேடச் சொல்லுங்கள். பெண் வீட்டாருக்கும் பஸ் வசதி.

தோல் கம்பெனிச் சம்பளத்தில் வீடு கட்டியவர் நீங்கள். பாலாற்றைப் பற்றி எழுத என்ன அருகதை?
(ஒரு விவசாயி, வாணியம்பாடி)

சுருக்கென்று குத்திவிட்டீர்கள். நியாயமான கேள்வி.

தோல் கழிவால் தண்ணீரைக் கெடுத்தவனே காசு கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நம் வேலூர் வழக்கில் சொன்னது 1996 ஆகஸ்டில். அன்று எங்கள் ஆபீஸில் முனகாத ஆள் இல்லை, நானும்தான். இந்த ஜனவரியில் அதே நீதிமன்றம் திரும்பவும் இழப்பீட்டைப் பற்றிப் பேசவேண்டி வந்திருக்கிறது. உங்கள் கிணற்றுக்கு அருகதையோடு பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் கம்பெனியின் பின்வாசல் திறந்தால் ஆற்று மணல். பேரேட்டில் மாதா மாதம் என் கையெழுத்தில் ஒரு பற்று இருக்கும்: 'குடிதண்ணீர் லாரி, நாலு நடை.'