மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காடியில் இஞ்சின் ஆயில் ஏன் குறைகிறது?

சுங்கை சிப்புட்டில் ஆர்எக்ஸ்-8 ஓட்டுகிறீர்கள், கசிவே இல்லாமல் ஆயில் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இந்தக் காடியில் இருப்பது ரோட்டரி இஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் இஞ்சின்; அது அப்படித்தான். அந்த ரோட்டரின் மூன்று முனைகளிலும் இடைவெளியை அடைக்கும் சீல்கள், ரோட்டரைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அங்கே ஆயில் தானாகப் போகாது. தோட்டத்துப் புல் வெட்டும் மிஷினுக்கு பெட்ரோலிலேயே ஆயில் கலக்கிறோம் அல்லவா, அதே தேவைதான். இங்கே அந்த வேலையை ஒரு பம்ப் செய்கிறது. இஞ்சின் வேகத்தையும் சுமையையும் பார்த்து கம்ப்யூட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும். இஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கும் ஆயில், நாசில் என்ற சிறு துளைக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், சீலை நனைத்து, பெட்ரோலோடு எரிந்துவிடும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். ஆயில் குறையவே இல்லை என்றால்தான் எனக்குக் கவலை: நாசில் அடைத்திருக்கலாம், பம்ப் கெட்டிருக்கலாம். அப்போது உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.