பணக்கார நாட்டில் ஏழைக் குழந்தைகள்

கேள்வி: பிரிட்டனில் குழந்தை வறுமையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? குறைக்க வழி உண்டா?

பதில்: வரி போகக் கையில் நிற்கும் குடும்ப வருமானத்திலிருந்து வாடகை போன்ற வீட்டுச் செலவைக் கழிக்கிறார்கள். மிச்சத்தைக் குடும்ப அளவுக்கேற்ற எண்ணால் வகுக்கிறார்கள். கணவன் மனைவிக்கு 1. பதினான்கு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 0.2. ஆக, அப்படி இரு குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் 490 பவுண்டு மிஞ்சினால், 1.4-ஆல் வகுத்து 350. நாட்டின் இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 சதவீதத்துக்குக் கீழே இது போனால், அந்தக் குழந்தைகள் வறுமைக் கணக்கில் சேர்வார்கள். வீட்டுச் செலவைக் கழிக்காமலும் ஒரு கணக்கு வெளியிடுகிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், லண்டன் வாடகையின் சுமை அதில் மறைந்துவிடும்.

இன்னொரு சிக்கல்: நாடே சரிந்தால் இடைநிலையும் சரியும். 2010-11இல் ஏழைகளின் நிலை உயராமலே வறுமை விகிதம் இறங்கியது. அதனால்தான் பழைய ஆண்டின் வறுமைக் கோட்டை விலைவாசிக்கேற்ப மட்டும் உயர்த்தி, அதோடும் ஒப்பிடுகிறார்கள்.

குறைக்கும் வழி பணம்தான். 2017இல் மூன்றாம் குழந்தை முதல் உதவித்தொகையை நிறுத்தியது பெரிய குடும்பங்களை நசுக்கியது. ஸ்காட்லாந்தோ 2021இல் தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 10 பவுண்டு தரத் தொடங்கி, 2022 நவம்பரில் 25 ஆக்கியது. 2030க்குள் வறுமையைப் பத்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர அங்கே சட்டமே உண்டு.