மீன் பித்தப்பை விழுங்கினால் கவனிக்க வேண்டியது சிறுநீரை

சர்க்கரைக்கு நல்லது என்று ஒரு வீடியோவைப் பார்த்து, சர்க்கரை நோயுள்ள உங்கள் கணவர் மீன் பித்தப்பையை விழுங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது. சிறுநீர் வழக்கம்போல் போகிறது, காலில் வீக்கம் இல்லை என்றால் பெரும்பாலும் அவர் தப்பித்துவிட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை மட்டும் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு எப்படியும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் "ரெண்டு வாந்தியோடு போச்சு, அடுத்த தடவை பெரிய கட்லா" என்கிறாராமே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அவர் பார்த்த வீடியோ பாதி உண்மை. சீன வைத்தியத்தில் புல்கெண்டையின் பித்தத்தைத் தொண்டைக்கும் கண்ணுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்களே எழுதியிருப்பது வீடியோவில் வராது. ரோகு, கட்லாவும் அதே கெண்டைக் குடும்பம். இந்தியாவிலும் சர்க்கரைக்கென்று விழுங்கி டயாலிசிஸ் வரை போயிருக்கிறார்கள். பித்தத்திலுள்ள சைப்ரினால் சல்பேட்தான் விஷம். வேகவைத்தாலும் சாராயத்தில் கலந்தாலும் போகாது. மீன் பெரிதானால் பித்தமும் கூடும்.

முதல் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி. அது அடங்கி, ஆள் தேறிவிட்டார் என்று வீடு நிம்மதியாகும் 2, 3ஆம் நாளில்தான் சிறுநீர் குறையும். விழுங்கிய அன்றே மருத்துவமனைக்குப் போவது நல்லது. சிறுநீர் 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழே இறங்கிவிட்டால், டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். மாற்று மருந்து கிடையாது. நேரத்தோடு போனால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. வயிற்றுவலிக்கென்று டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள், அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

அவர் கண் லேசாக மஞ்சளானதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. இந்த விஷம் கல்லீரலையும் தாக்கும், அது பெரும்பாலும் தானே தேறிவிடும். ஆனால் மஞ்சளும் சிறுநீர்க் குறைவும் சேர்ந்து வந்தால் பார்க்கிறவருக்கு எலிக்காய்ச்சல் என்றே தோன்றும். பித்தப்பை விழுங்கியதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கரடிப் பித்தத்திலுள்ள பொருளை டாக்டர்களே மாத்திரையாகக் கொடுக்கிறார்களே என்றால், அதுவும் உண்மைதான். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், ஆலையில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில், பித்தநீர் தேங்கும் நோய்க்கு. சர்க்கரைக்கு அல்ல.

மீன் ஆயும்போது பித்தப்பை உடைந்தால் பித்தம் பட்ட இடத்தை வெட்டி எறிந்து கழுவுங்கள், போதும்.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை அவர் நிறுத்திவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்தியிருந்தால் கிரியாட்டினின் முடிவைக் கொண்டுபோய், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி மறுபடி தொடங்கட்டும்.